பேர் சொல்லாத காரியம்

— இல்ல பீஜி, அப்படிப் பண்ண முடியாது. ‘ஒரு நல்ல காரியம்’னு மட்டும் சொல்லி நான் அர்தாஸ் பண்ணி வேண்ட மாட்டேன்.

— ஏன் கியானிஜி? நல்ல காரியம்னா நல்ல காரியம்தானே. கெட்ட காரியத்துக்கா குருத்வாராவுக்கு வருவாங்க?

— வர்றாங்களே. போன வாரம் ஒருத்தர் வந்து, பங்காளி கேஸ்ல தோக்கணும், அதுக்கு அர்தாஸ் பண்ணுங்கன்னார். நான் ‘ரெண்டு பேருக்கும் நியாயம் கிடைக்கட்டும்’னு வேண்டி முடிச்சுட்டேன். இன்னும் எனக்கு முகம் கொடுக்க மாட்டேங்கறார்.

— பக்தாவர் சிங்தானே? என் வீட்டுக்காரரோட அண்ணன்.

— நான் பேர் சொல்லல.

— நீங்க சொல்ல வேண்டாம். ஊர்ல கேஸ் நடத்தறதையே பொழப்பா வெச்சிருக்கறது அவர் ஒருத்தர்தான்.

— அது இருக்கட்டும். நீங்க சொல்லுங்க. இவ்வளவு நெய் கொண்டு வந்திருக்கீங்க. பேரனுக்குக் கனடா விசா கிடைச்சவங்ககூட பிரசாதத்துக்கு இதுல பாதிதான் கொண்டு வந்தாங்க.

— நம்ம எருமை நெய்தான். நீங்க மாவை வறுங்க. நான் சர்க்கரைத் தண்ணிய இந்தப் பக்கம் வெக்கறேன்.

— காலையில கூட்டம் கலைஞ்சதுக்கு அப்புறமும் நீங்க உக்காந்து பாத்திரம் தேய்ச்சுட்டு இருந்தப்பவே நினைச்சேன். எல்லாம் ஏற்கனவே தேய்ச்சு வெச்ச பாத்திரம்.

— எல்லாரும் போகட்டும்னுதான் இருந்தேன். அவங்க முன்னாடி நீங்க மைக்குல சொன்னா, நான் வீட்டுக்குப் போறதுக்குள்ள பக்கத்து ஊர் வரைக்கும் போயிடும்.

— இப்ப மைக் இல்ல. நீங்களும் நானும் மேல இருக்கறவனும்தான். சொல்லுங்க.

— அவனுக்குத் தெரியாதா கியானிஜி, நான் சொல்லித்தான் தெரியணுமா?

— அவனுக்குத் தெரியும். நமக்குத்தான் தெரியறதில்ல. நாம என்ன கேக்கறோம்ங்கறது நம்ம காதுல ஒரு தடவை விழணும். பாதிப் பேர் வாய்விட்டுச் சொல்லும்போதே, ‘வேண்டாம் கியானிஜி, இன்னொரு நாள் வரேன்’னு போயிடறாங்க.

— நான் அப்படிப் போறவ இல்ல.

— தெரியும் பீஜி.

— கல்யாண காரியம். போதுமா?

— நல்ல விஷயம்தானே, இதுக்கா இவ்வளவு? யாருக்கு?

— பர்னீத்துக்கு. …கியானிஜி, கிளறுங்க. அடி பிடிக்குது.

— ஆமா. ஆமா, கிளறறேன். பர்னீத்துக்கா? உங்க மருமகளுக்கா?

— ஊர்ல வேற எத்தனை பர்னீத் இருக்காங்க? கரண்டிய என்கிட்ட கொடுங்க. நெய் பூராவும் ஒரு பக்கமா நிக்குது.

— இல்ல, நானே பாத்துக்கறேன். திடீர்னு என்ன பீஜி இப்ப?

— திடீர்னு இல்ல. என் மகன் லக்வீர் போனதுல இருந்து இது என் நெஞ்சுல கிடக்குது. மோட்டார் போடப் போனவன் கரண்ட் கம்பியப் பிடிச்சவாக்குல அங்கயே கிடந்தான். அவளுக்கு அப்ப கல்யாணமாகி மருதாணிகூட ஒழுங்கா அழிஞ்சிருக்காது. அவங்கப்பா ஜீப் எடுத்துக்கிட்டு வந்தார், மகளைக் கூட்டிட்டுப் போக. நானே பெட்டிய எடுத்து வெச்சேன். இவ, எருமைக்குத் தீனி போட்டுட்டு வந்துடறேன்னு போனா. போட்டா, போட்டா, சாயங்காலம் வரைக்கும் போட்டா. எருமை திணறிப் போச்சு. அவர் பாத்துப் பாத்து, பெட்டிய இறக்கி வெச்சுட்டுக் கிளம்பிட்டார்.

— இது எனக்குத் தெரியாது.

— யாருக்கும் தெரியாது. அன்னையில இருந்து நாங்க ரெண்டு பேர்தான் அந்த வீட்ல. ஒருத்திக்குத் தூக்கம் வரலன்னா இன்னொருத்தி ரேடியோ போடுவா. நல்லாத்தான் இருக்கு. நல்லாயிருக்குங்கறதுக்காக ஒரு சின்னப் பொண்ணை எனக்குத் துணைக்குன்னு வெச்சுக்கிட்டே இருக்க முடியுமா? நான் போனதுக்கு அப்புறம் அவ யாருக்கு ரேடியோ போடுவா?

— சரிதான். ஆனா ஏன் இன்னைக்கு?

— ஞாயித்துக்கிழமை எங்க மூத்தவர், அந்த பக்தாவர் சிங், சொந்தக்காரங்களையெல்லாம் கூப்பிட்டிருக்கார். சாதர் போட்டுடலாம்னு சொல்றார். அவரோட ரெண்டாவது மகன் தலையிலயும் இவ தலையிலயும் ஒரே துணியப் போத்திட்டா கல்யாணம் முடிஞ்சுதாம். வீட்டுப் பொண்ணு வீட்லயே இருக்குமாம்.

— நிர்வைருக்கா?

— அவனுக்குத்தான். காலையில பல்லு விளக்கறதுக்கு முன்னாடியே கண்ணு சிவந்திருக்கும் அவனுக்கு. அவருக்கு வேண்டியது மருமக இல்ல கியானிஜி, லக்வீர் பங்கு நிலம். அது பர்னீத் பேர்ல இருக்கு. துணியப் போத்தினா நிலத்தையும் சேத்துப் போத்தின மாதிரி.

— பர்னீத் என்ன சொல்றாங்க?

— சாதருக்கா? ‘கால்வாய்ல குதிக்கச் சொன்னீங்கன்னா நீந்தத் தெரியாதுன்னாவது சொல்லலாம்’னு சொன்னா.

— இல்ல, நீங்க பாத்திருக்கற இந்த இடத்துக்கு. அவங்ககிட்ட கேட்டீங்களா? அதைச் சொல்லுங்க மொதல்ல. அவங்க வாயால சரின்னு சொல்லாம நான் அர்தாஸ் பண்ண மாட்டேன். நெய்யை நீங்க திருப்பி எடுத்துட்டுப் போகலாம்.

— கோவம் வருது உங்களுக்கு. நான் பாத்ததே இல்ல.

— கோவம் இல்ல. கேக்கறேன்.

— கேட்டேன். கொட்டகையில வெச்சுக் கேட்டேன். அதுதான் வசதி. நடுவுல எருமை நிக்கும், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்க வேண்டாம். மொதல்ல அழுதா. ‘என்னைத் தள்ளிவிடப் பாக்கறீங்களா பீஜி’ன்னா. அப்புறம் எந்த வீடுன்னு சொன்னேன். அழுகை நின்னுடுச்சு.

— நின்னுடுச்சா?

— டக்குனு நின்னுடுச்சு. அதுக்கப்புறம் பால் கறந்தா பாருங்க, பாதி செம்புல, பாதி தரையில.

— ஓ… சரி. சரி. அப்ப அவங்களுக்குத் தெரிஞ்ச இடம்தான்.

— தெரிஞ்ச இடம்தான்.

— வேற என்ன சொன்னாங்க?

— ‘மொதல்ல அர்தாஸ் பண்ணிட்டுப் போங்க. அங்க வேண்டாம்னு சொன்னா வற்புறுத்தாதீங்க. நாம கேட்டோம்ங்கறதே யாருக்கும் தெரியக் கூடாது, அந்த மனுஷருக்குச் சங்கடம்’னு சொன்னா.

— அவருக்கு என்ன சங்கடம்? அவங்களை வேண்டாம்னு சொல்றவன் எவன்?

— சொல்லலாமே. விதவை. பின்னாடியே வம்பும் வரும்.

— சர்க்கரைத் தண்ணிய ஊத்துங்க பீஜி. தள்ளி நின்னு ஊத்துங்க, தெறிக்கும். …ஆள் எப்படி?

— நல்ல மாதிரி.

— நல்ல மாதிரின்னு எல்லாரையும்தான் சொல்றோம். குடிப்பாரா?

— கிடையாது.

— நிலம் நீச்சு?

— ஒரு முழம்கூட இல்ல. சம்பளக்காரர்.

— நிலம் இல்லாத இடத்துலயா கொடுக்கறீங்க? உங்க ஆளுங்க ஒத்துக்குவாங்களா?

— எங்க ஆளுங்க எதுக்கும் ஒத்துக்க மாட்டாங்க. அது எங்க ஜாதியும் இல்ல.

— ஜாட் இல்லையா?

— இல்ல.

— பீஜி, நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா? உங்க மூத்தவர் சும்மா இருக்க மாட்டார்.

— சொல்லிட்டார் ஏற்கனவே, எவன் வீட்டுக்காவது அனுப்பினா வாய்க்கால் தண்ணி முறைய நிறுத்திடுவேன்னு. நிறுத்தட்டும். கோதுமைக்கு வானத்துல இருந்தும் தண்ணி வரும். நீங்க ஏன் இப்படி மூஞ்சிய வெச்சிருக்கீங்க? தினம் நீங்கதானே மைக்குல சொல்றீங்க, எல்லாரும் ஒரே ஒளியில இருந்து வந்தவங்கன்னு.

— சொல்றேன்தான்.

— கேட்டு எல்லாரும் தலையாட்டறோம். வரிசையில உக்காந்து சாப்பிடறப்ப ஜாதி இல்ல. சம்பந்தம்னா எழுந்து வந்துடுது. செத்தா சுடுகாடே ரெண்டு வெச்சிருக்கோம்.

— நான் இந்த ஊருக்கு வந்த புதுசுல ஒரு வீட்டுக்குக் குரு கிரந்தம் படிக்கப் போனேன். எனக்குன்னு தனி டம்ளர் வெச்சிருந்தாங்க, பின்கட்டுல, கவுத்து. படிச்சு முடிச்ச உடனே அதே வீட்டுக்காரர் கை கூப்பி நிக்கறார். நான் எதை நம்பறதுன்னு தெரியாம அந்த டம்ளர்லயே தண்ணி குடிச்சுட்டு வந்தேன்.

— எங்க வீடா?

— உங்க வீடு இல்ல.

— அப்ப மூத்தவர் வீடு.

— நான் பேர் சொல்லல பீஜி.

— நீங்க எப்பதான் சொன்னீங்க. …பொன்னிறமா வந்துடுச்சு, இறக்கிடலாம்.

— இறக்கிடலாம். துணி வெச்சுப் பிடிங்க.

— கியானிஜி, உள்ள போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நான் கல்யாணத்துக்காக மட்டும் வரல.

— சொல்லுங்க.

— இந்த இடம் கிட்டத்துல இருக்கு. அவ சிரிச்சா எனக்குக் கேக்கும், அந்த அளவுக்கு. வேற நல்ல இடமும் ஒண்ணு வந்துச்சு, லூதியானாவுல, சொந்தமா கடை வெச்சிருக்காங்க. அதை நான் அவகிட்ட சொல்லவே இல்ல. அப்ப இது அவளுக்காகப் பாத்த இடமா, எனக்காகப் பாத்த இடமா? ராத்திரியெல்லாம் பொரட்டிப் பொரட்டிப் பாக்கறேன். பிடிபடல. அதைத்தான் அவன்கிட்ட கேக்கணும். வழி தெரியாம நான் கால வெச்சு, அவ வாழ்க்கை இன்னொரு தடவை கெட்டுச்சுன்னா?

— இன்னொரு தடவைன்னா? மொதல் தடவை நீங்களா கெடுத்தீங்க?

— ஆமா.

— என்ன பேச்சு பீஜி இது.

— நான் விதைக்கறதுன்னாலும் அர்தாஸ் பண்ணிட்டுத்தான் விதைப்பேன். எருமை வாங்கினாலும் அப்படித்தான். அன்னைக்கு லக்வீர் வெளிய கிளம்பறான். நான் தினமும் வாசல்ல நின்னு ஒரு வார்த்தை வேண்டிக்கிட்டு அனுப்பறவ. அன்னைக்கு அடுப்புல ரொட்டி கருகுதேன்னு உள்ள ஓடிட்டேன். திரும்பி வர்றதுக்குள்ள அவன் போயிட்டான். ரொட்டியக் காப்பாத்தினேன் கியானிஜி.

— உக்காருங்க. இந்தச் சாக்குல உக்காருங்க.

— உக்காரல. சொல்லுங்க, அன்னைக்கு நான் வேண்டியிருந்தா?

— எனக்குத் தெரியாது.

— நீங்க கியானி.

— கியானிக்கும் தெரியாது. என் வீட்டுக்காரி காய்ச்சல்ல கிடந்தப்ப நான் ராத்திரி பூரா வேண்டினேன். ஒரு நிமிஷம் உக்காரல. ஒரு வார்த்தை விடல. விடியறப்ப அவ போயிட்டா. நீங்க வேண்டாம விட்டீங்க, நான் விடாம வேண்டினேன். ரெண்டு பேரும் இதே அடுப்படியிலதான் நிக்கறோம். அவன் வாசல்ல நின்னு அட்டெண்டன்ஸ் எடுக்கறவன் இல்ல பீஜி. அன்னைக்கு ஒரு வார்த்தை வரலன்னு உங்க பிள்ளைய எடுத்துக்கறவன்னா, நான் இந்த வேலைக்கே வந்திருக்க மாட்டேன்.

— அப்ப எதுக்கு வேண்டறது?

— என் வீட்டுக்காரியத் தூக்கிட்டுப் போனதுக்கு அப்புறம் நான் சுவரைப் பாத்து உக்காந்திருந்தேன். என் மக மன்னத் அப்ப கைக்குழந்தை. கத்தறா. எழுந்திருக்கணும்னுகூடத் தோணல. திடீர்னு பாத்தா நான் பால் கரைச்சுக்கிட்டு இருக்கேன். சூடு சரியா இருக்கான்னு மணிக்கட்டுல ஊத்திப் பாக்கறேன். எப்ப எழுந்தேன், யாரு எழுப்பினான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. நான் கேட்டதை அவன் தரல. ஆனா அந்தக் காலையில நான் தனியா எழுந்திருக்கல. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

— மன்னத் பள்ளிக்கூடம் போயிட்டாளா?

— போயிட்டா. பர்னீத் வந்து தலை பின்னி விட்டுட்டுப் போனாங்க. நான் பின்னினா அழறா, இழுக்கறேனாம். …அவங்க கல்யாணமாகிப் போயிட்டா மன்னத்கிட்ட என்ன சொல்றதுன்னு இப்பவே யோசிக்கணும்.

— கிட்டத்துலன்னு சொன்னேனே.

— கிட்டத்துலன்னாலும், இன்னொரு வீடு ஆயிடும்ல. சரி, வாங்க பீஜி, பிரசாதம் ஆறுது. நான் தட்டை எடுத்துக்கறேன், நீங்க கதவைத் திறங்க. எப்பா, எவ்வளவு பனி. எதிர்ல இருக்கற கொடிக்கம்பமே தெரியல.

— இந்தப் பனியிலதான் நல்ல காரியத்துக்குப் போகணும். யாரும் பாக்க மாட்டாங்க.

— இப்படி நில்லுங்க, எனக்கு வலது பக்கம். காரியத்தை நான் முழுசாச் சொல்லிடவா?

— சொல்லுங்க. இப்ப பயம் இல்ல.

— உண்மையான ராஜாவே. உன் மகள் குர்நாம் கௌர் உன் வாசல்ல நிக்கறாங்க. தன் மருமகளா வந்து மகளா ஆன பர்னீத் கௌருக்கு ஒரு வாழ்க்கை தேடி இன்னைக்கு ஒரு வீட்டுக்குப் போறாங்க. அவங்க எண்ணத்துல அவங்களுக்கே சந்தேகம் இருக்கு. அது ஆசையா, அன்பா, நீ பிரிச்சுக் காட்டு. ரெண்டும் கலந்து இருந்தா, மனுஷ மனசு அப்படித்தான்னு மன்னிச்சுடு. போற இடத்துல அந்த மனுஷருக்கு நல்ல வார்த்தையக் கொடு. அந்தப் பொண்ணுக்கு… அந்தப் பொண்ணுக்கு…

— கியானிஜி?

— இதோ, சொல்லிடறேன். …அந்தப் பொண்ணு எந்த வீட்டுக்குப் போனாலும், அந்த வீட்ல அவங்க சிரிப்பு கேக்கட்டும். காரியம் நல்லபடியா நடக்கட்டும். வாகேகுரு.

— வாகேகுரு.

— பிரசாதம் வாங்கிக்கங்க. ரெண்டு கையையும் சேத்து. போற வீட்டுக்கும் கொஞ்சம் கட்டித் தர்றேன்.

— கொடுங்க. சூடு போகாம கட்டுங்க.

— ஒண்ணு சொல்றேன் பீஜி, அந்த ஆள் பயப்படுவார். அதைப் பாத்துட்டு உடனே எழுந்து வந்துடாதீங்க.

— ஏன் பயப்படணும்?

— நிலம் இல்ல, ஜாதி வேற. எதிர்ல பக்தாவர் சிங் மாதிரி ஆளு. சம்பளக்காரன்னா வேலையும் போகலாம். பயம் வேற, வேண்டாம்ங்கறது வேற. அவருக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்க.

— நீங்க அந்த இடத்துல இருந்தா என்ன சொல்வீங்க?

— நான் எதுக்கு?

— சும்மாதான். எனக்கு ஒரு ஒத்திகை மாதிரி. அங்க என்ன பதில் வரும்னு தெரிஞ்சுக்கிட்டாத் தைரியமா இருக்கும்.

— நானா… மொதல்ல நம்ப மாட்டேன். தப்பா கேட்டுட்டேன்னு நினைப்பேன். அப்புறம், அவங்க நிஜமாவே சரின்னு சொன்னாங்களான்னு நூறு தடவை கேப்பேன்.

— நூறு தடவையா?

— கேப்பேன். அப்புறம்… அப்புறம் என்ன பீஜி, நான் அந்த இடத்துல இல்லையே. ரிக்‌ஷாவுக்குச் சொல்லட்டா? இந்தப் பனியில நடந்து போக வேண்டாம்.

— ரிக்‌ஷா வேண்டாம்.

— எந்த ஊர்னு சொன்னா நானே சைக்கிள்ல வந்து விட்டுடறேன். கிட்டத்துலதானே?

— ரொம்பக் கிட்டத்துல. பச்சைப் பெயிண்ட் உரிஞ்ச கதவு. கொடியில ஒரு சின்னப் பொண்ணோட பள்ளிக்கூடச் சட்டை தொங்குது. பனியில காயாதுன்னு தெரியாம அவங்கப்பா வெளிய போட்டிருக்கார்.

— அது… அது என் ரூம் பீஜி.

— ஆமா.

— குருத்வாராவுல விளையாடாதீங்க.

— விளையாடவா அரை டின் நெய் கொண்டு வந்தேன்? தட்டை என்கிட்ட கொடுங்க. கீழ போட்டுடுவீங்க.

— அவங்க நிஜமா சரின்னு சொன்னாங்களா?

— சொன்னா.

— என் பேரைச் சொல்லித்தான் கேட்டீங்களா? பர்னீத்கிட்ட? என் பேரைச் சொல்லி?

— ‘பாயி சுக்சைன் சிங், நம்ம கியானி, மன்னத்தோட அப்பா’ன்னு சொன்னேன். வேற எப்படிச் சொல்றது? இப்ப உக்காருங்க. இந்தத் தூண்ல சாஞ்சு உக்காருங்க.

— எனக்குத் தெரியாது பீஜி. சத்தியமா, நான் ஒரு நாளும் தப்பா பாத்ததில்ல. தலை பின்னி விட்டுட்டுப் போவாங்க. நான் அப்ப வெளிய நிப்பேன், பனியில, மழையில. உள்ளயே போனதில்ல.

— தெரியும். அந்த வெளிய நின்னதைப் பாத்துட்டுத்தான் வந்தேன்.

— நான் மஜ்பி, தனி டம்ளர் வெக்கற ஜாதி. உங்களுக்குத் தெரியும்ல.

— நீங்க வந்த நாள்ல இருந்து ஊருக்கே தெரியும். இப்ப நானும் சொல்லிக்கறேன், தெரியும்.

— குருத்வாரா கமிட்டித் தலைவர் யாருன்னும் தெரியும்ல. பக்தாவர் சிங். விஷயம் வெளிய வந்த அன்னைக்கே என்னை அனுப்பிடுவார். வேலை போனா ரூமும் போயிடும், அது கமிட்டி ரூம். மன்னத்தைக் கூட்டிக்கிட்டு நான் எங்க போவேன்? பர்னீத்தை எங்க கூட்டிட்டுப் போவேன்? சோறு போடாதவன் எதுக்குக் கல்யாணம் பண்ணணும்?

— இது பயமா, வேண்டாம்ங்கறதா?

— பயம்.

— பயம்னா எழுந்து போகாதீங்கன்னு இப்பத்தான் ஒருத்தர் சொன்னார்.

— அது யாருக்கோன்னு நினைச்சுச் சொன்னேன் பீஜி. மத்தவங்களுக்குச் சொல்றது சுலபம்.

— அதான் உங்களுக்கும் கொஞ்சம் நேரம் கொடுக்கறேன். நீங்களும் அவன்கிட்ட கேளுங்க. எனக்காகச் சரின்னு சொல்ல வேண்டாம். வழி எதுன்னு கேட்டுட்டுச் சொல்லுங்க.

— கேக்கணும். ஆனா இப்ப வாய் வராது. இருபது வருஷமா ஊருக்கெல்லாம் அர்தாஸ் பண்றேன், இப்ப மொத வார்த்தையே மறந்து போச்சு.

— நான் பண்றேன்.

— நீங்களா?

— பொம்பளைங்க பண்ணக் கூடாதுன்னு எங்கயாவது இருக்கா?

— இல்ல. யாரும் பண்ணலாம்.

— அப்ப எழுந்திருங்க. கைய சேத்துக்கங்க. எனக்கு உங்களை மாதிரி அழகா வராது.

— வர்ற மாதிரி சொல்லுங்க பீஜி.

— வாகேகுரு. நான் குர்நாம். இப்பத்தான் பேசினோம். இது வேற விஷயம், சுக்சைன் விஷயம். இந்தப் பிள்ளை நல்லவன். தனியா ஒரு குழந்தைய வளத்துட்டான். பாவம், பயப்படறான். பயப்பட வேண்டிய ஊர்தான் இது, அவன்மேல தப்பு இல்ல. இவனுக்கு எது வழின்னு நீ காட்டு. வேண்டாம்னு இவனுக்குத் தோணுச்சுன்னா, அதை என்கிட்ட நேரா சொல்ற தைரியத்தைக் கொடு. என் முகத்துக்காகத் தலையாட்டிடப் போறான், அப்படிப்பட்ட ஆளு. சரின்னு தோணுச்சுன்னா, அதுக்கு ஒரு கூரையையும் நீயே காட்டு. வேற ஊருக்குப் போனாத்தான் இவங்க நல்லா இருப்பாங்கன்னா, அனுப்பு. சிரிப்பு எனக்குக் கேக்கணும்னு இல்ல. கிட்டத்துல வேணும்னு நான் நினைச்சதை எடுத்துடு. மூணு பேரையும் ஒண்ணா அனுப்பு. என்னைப் பத்திக் கவலைப்படாத, எனக்கு எருமை இருக்கு, ரேடியோ இருக்கு. அவ்வளவுதான். வாகேகுரு.

— வாகேகுரு.

— தலைய தரையில வெச்சுக் கும்பிடு மகனே. …மெதுவா. எவ்வளவு நேரம் வேணும்னாலும் இரு. நான் எங்கயும் போகல. …அழுது முடிச்சுட்டியா? இந்தா, என் முக்காட்டுலயே துடைச்சுக்க. பதில் இன்னைக்கே வேணும்னு இல்ல. ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி சொன்னாப் போதும்.

— இப்பவே சொல்லிடறேன் பீஜி. நான் பர்னீத்தை உங்க வீட்ல இருந்து எங்கயும் கூட்டிட்டுப் போக மாட்டேன்.

— சரி. சரி மகனே. பரவாயில்ல. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அவகிட்டயும் பக்குவமாச் சொல்லிக்கறேன். நீ நேரா சொன்னியே, அதுவே…

— முழுசாக் கேளுங்க பீஜி. சாயங்காலம் மன்னத் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், எங்க ரெண்டு பேரையும் நீங்க உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. நம்ம நாலு பேருக்கும் அந்தக் கூரையே போதும்.